பிங்கி குடியிருக்கத் தகுந்த வீடு

திண்டிவனத்தில் வீடும் விழுப்புரத்தில் உத்தியோகமுமாக இருந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் சீனுவாசன். விழுப்புரத்தில் ஒரு கோட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அது எந்தத் துறையின் அலுவலகம் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கே அது அவ்வளவு அவசியமாக இருந்ததில்லை.

காலைப் பாசஞ்சரில் போவார், ராத்திரிப் பாசஞ்சரில் வருவார். அந்த ரயில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று குசலம் விசாரித்துக்கொண்டு போகும். அவருடைய துறைக்குத் திண்டிவனத்திலும் ஒரு கிளை இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆகவே, வீடும் அலுவலகமும் ஒரே ஊரில் அமையுமாறு கருணை கூர்ந்து உத்தரவிட வேண்டும் என்று வருஷம் தவறாமல் மனுப் போடுவார். பரிசீலனையில் உள்ளது என்று வருஷம் தவறாமல் பதில் வரும்.

அவர் மனைவி அம்சவள்ளிக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. அவள் மனு எழுதவில்லை, வாயால் சொல்வதோடு சரி. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் தென்னங்கீற்று மறைப்புக்குள்தான் குளிக்க வேண்டும். மேலே கூரை கிடையாது. பின்தெருவில் மாடி வீடுகள் வந்த பிறகு அவள் விடியுமுன் எழுந்து, இருட்டோடு இருட்டாகக் குளித்துவிடுவாள். மழைக்காலத்தில் கீற்று அழுகி விழும். கூரையும் கதவும் உள்ள ஒரு குளியலறை வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்பார் சீனுவாசன். பரிசீலனையில் உள்ளது என்பதை வீட்டில் அப்படித்தான் சொல்வது.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோட்ட அதிகாரியாகத் தேவநாதன் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தார். கூடவே ஒரு பொமரேனியன் நாயும் வந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சுமூட்டைக்கு நாலு கால் முளைத்த மாதிரி இருக்கும். பெயர் பிங்கி. அதிகாரி ஜீப்பில் வரும்போது முன்சீட்டில் அது உட்கார்ந்திருக்கும். ஜீப்பைப் பார்த்து வணக்கம் வைத்தவர்களில் பாதிப் பேர், அந்த அவசரத்தில் யாருக்கு வைத்தோம் என்று கவனித்ததில்லை.

ஒரு மாதத்தில் அலுவலகமே மாறிப்போனது. டீக்கடையில் பஞ்சப்படி பற்றிய பேச்சு நின்று, ரோமம் உதிர்வதைப் பற்றிய பேச்சு வந்தது. தலைமை எழுத்தர் விருத்தாசலம் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு பொமரேனியன் வாங்கிவந்தார். வசதியில்லாத டைப்பிஸ்ட் ஒருவர் தெருக்குட்டி ஒன்றைப் பிடித்து, தினமும் ஷாம்பு போட்டுச் சீவி, இதுவும் அந்த ஜாதிதான், வெயிலில் கொஞ்சம் கறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரியின் நாயைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மரியாதையோடு பேசினார்கள். "சாப்ட்டாங்களா", "தூங்கறாங்களா" என்றுதான் விசாரிப்பு.

அந்தச் சமயத்தில் தேவநாதனை ஹைதராபாத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அழைத்தார்கள். அவர் மனைவி கோயமுத்தூரில் தாய் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அந்தத் தாய்க்கு நாய் மயிர் பட்டால் மூச்சு இரைக்கும். ஆகவே பிங்கியை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழுந்தது.

விருத்தாசலம் சீனுவாசனைத் தனியாக அழைத்துப்போனார்.

"உன் மனு அய்யா டேபிள் மேலதான் இருக்குது. இத்த நீ எடுத்துக்கினின்னா அத்த நான் பாத்துக்கறேன்."

"எத்த சார்?"

"பிங்கிய."

சீனுவாசனுக்கு நாய் என்றால் பயம். ஆனால் அந்தப் பயத்தை நிறுத்துப் பார்த்தால் பாசஞ்சர் ரயிலின் எடை அதிகமாக இருந்தது. சம்மதித்தார். வீடு தகுந்ததாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி அதிகாரி ஒரு வார்த்தை சொன்னார். ஒரு வார்த்தை போதுமே. மறுநாளே உறைவிடத் தகுதி ஆய்வுக் குழு என்று ஒன்று அமைந்துவிட்டது. விருத்தாசலம் தலைவர். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அமிர்தசாமி தொழில்நுட்ப உறுப்பினர். ஜீப் டிரைவரும் உடன் வருவதால் அவரும் உறுப்பினர்.

ஞாயிற்றுக்கிழமை குழு திண்டிவனத்துக்கு வந்து இறங்கியது. அமிர்தசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இந்தப் படி ஒத்துவராதுங்க. குட்டைக் காலு. ஏறி எறங்கி இடுப்பு போயிடும்."

"யாருக்குங்க?" என்றாள் அம்சவள்ளி.

"பிங்கிக்கு" என்றார் விருத்தாசலம், கேள்வியே தவறு என்பதுபோல.

அடுத்தது சமையலறை. விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அமிர்தசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்தப் பொகை ஆகவே ஆகாது. கண்ணு வீங்கிப்பூடும்."

"கல்யாணமானதுலருந்து நான் இதுலதானே சமைக்கிறேன்?"

அமிர்தசாமி அவள் கண்களைத் தொழில்முறையில் ஒரு முறை பார்த்தார். "உங்களுக்குப் பழகிடுச்சிம்மா. அவங்க மெட்ராஸ்ல பொறந்தவங்க."

அம்சவள்ளி புகையும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சீனுவாசன் அவள் கோபப்படுகிறாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"ஏன் சார், அவங்க எங்க குளிப்பாங்க?"

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இந்த விஷயம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் முன்னால் நடந்து அவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தென்னங்கீற்று மறைப்பைக் காட்டினாள்.

"இதுலயா சார் குளிக்க வைக்கிறது? அந்தா, அத்தினி மாடிக்கும் தெரியும். பெரிய எடத்துலருந்து வர்றவங்க. பாக்கறவங்க அய்யாவப் பத்தி என்னா நெனப்பாங்க?"

"வாஸ்தவம்" என்றார் விருத்தாசலம், கலக்கத்தோடு. "கூரை வேணும்."

"கதவும் வேணும் சார். தாழ்ப்பாளோட."

"நாய் எப்பிடிம்மா தாழ்ப்பாள் போடும்?" என்றார் அமிர்தசாமி.

"போடாட்டிப் பரவால்லீங்க. போடறதுக்கு வசதி இருக்கணுமில்ல?"

விருத்தாசலம் அவளை மரியாதையோடு பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் விதிகளின் ஆத்மாவை இவ்வளவு சுலபமாகப் பிடித்தவர் யாரையும் அவர் கண்டதில்லை. அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. கொசு கடித்தால் தோல் தடிக்குமே என்று அவள் கேட்டாள். ஜன்னல்களுக்கு வலை. குழாய்த் தண்ணீர் இல்லாமல் எப்படி என்று கேட்டாள். கிணற்றுக்கு மோட்டார், மேலே ஒரு தொட்டி. தரை பெயர்ந்து கிடக்கிறதே, நகம் மாட்டிக்கொண்டால் என்று கேட்டாள். புதுத் தரை. சீனுவாசன் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குழுவின் அறிக்கை அதிகாரியிடம் போயிற்று. குறிப்பிட்ட சீரமைப்புகளைச் செய்தால் வீடு பிங்கி குடியிருக்கத் தகுந்ததே என்று அதில் கண்டிருந்தது. கடைசி வரி இப்படி: 'மேற்படி வீட்டில் தற்சமயம் இரண்டு மனிதர்களும் வசித்து வருகிறார்கள். அவர்களால் பிங்கிக்கு இடைஞ்சல் ஏதும் நேராது என்று குழு நம்புகிறது.'

செலவு யாருடையது என்று அறிக்கை சொல்லவில்லை. ஆகவே அது சீனுவாசனுடையது. சொசைட்டியில் கடன் கேட்டார். மனைவியின் பிரசவத்துக்கு என்று கேட்ட ஒருவரின் விண்ணப்பம் அங்கே மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தது. இவருடையது சாயங்காலமே கையெழுத்தாகி வந்துவிட்டது.

விக்கிரவாண்டிப் பக்கமிருந்து செங்கல் வந்தது, கிளியனூரிலிருந்து கொத்தனார் வந்தார். குளியலறைக்கு நூல் பிடிக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஒசரம் யார் அளவுக்கும்மா? ஆளுக்கா, நாய்க்கா?"

"ரெண்டு பேரும் குளிக்கிறாப்பல கட்டுங்க" என்றாள் அம்சவள்ளி.

வாசற்படியை இடித்துச் சரிவாக்கினார்கள். சமையலறைக்குப் புகைபோக்கி வைத்தார்கள். எதிர்வீட்டு முனியம்மாள் தினமும் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள். "நாய்க்கு பாத்ரூமா? காலம் கெட்டுப்போச்சி" என்று மல்லாட்டைக் கடலை உரித்தபடியே தெரு முழுக்கச் சொல்லுவாள்.

பூச்சு காய்ந்த அன்று அம்சவள்ளி காலை பத்து மணிக்குக் குளித்தாள். நல்ல வெளிச்சத்தில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல், தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். வெளியே வந்து ஈரத்தலையோடு சமையலறையில் நின்றபோது அங்கே புகை இல்லை. "நாய் எப்பங்க வருது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"வருதுன்னு சொல்லாதே" என்றார் சீனுவாசன். "வர்றாங்கன்னு சொல்லு. ஆபீஸ்ல அப்பிடித்தான். நாளைக்கு வாய் தவறிடப் போவுது."

பிங்கி ஜீப்பில் வந்து இறங்கியது. சரிவைக் கண்டுகொள்ளாமல் பக்கத்துச் சுவரைத் தாவி உள்ளே போனது. குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தும்மியது. பின்கட்டில் கொட்டிக் கிடந்த அடுப்புச் சாம்பலைக் கண்டதும் அதில் விழுந்து புரண்டது. அதற்குப் பிறகு அதன் இருப்பிடம் அந்தச் சாம்பல் மேடுதான். அதிகாரி வீட்டிலிருந்து வந்த பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தால் தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிடும். பகலெல்லாம் முனியம்மாள் வீட்டுச் செவலை நாயோடு தெருவைச் சுற்றும். ஒரு வாரத்தில் அது வெள்ளை நாய் என்று சொன்னால்தான் தெரியும் என்ற நிலை.

விருத்தாசலம் வாராவாரம் நேரில் பார்வையிட வந்தார். அவர் வருகிற அன்று மட்டும் அம்சவள்ளி பிங்கியைப் பிடித்துத் தேய்த்துக் கழுவி, பாயில் உட்காரவைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வர இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரியாததால் உடைந்த மதகுப் பலகையில் கால் வைத்துச் சாக்கடையில் முழங்கால்வரை இறங்கிவிட்டார்.

"எத்தினி நாளா இப்பிடி இருக்குது?"

"பெரிய எலெக்சன்லருந்துங்க" என்றாள் முனியம்மாள். "எழுதிப் போட்டோம். கைநாட்டு வெச்சிப் போட்டோம். என் பேத்தி இதே எடத்துல விழுந்து கை ஒடச்சிக்கினா. அப்பவும் எழுதிப் போட்டோம்."

"அத்த வுடும்மா. பிங்கி வுழுந்திருந்தா என்னாவறது?" என்றார் விருத்தாசலம்.

அதிகாரியின் நாய் இருக்கும் தெரு என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் சொன்னார். ரெண்டாம் நாள் விளக்கு எரிந்தது. அந்த வாரமே மதகுக்குப் புதுப் பலகை. பிறகு தெருக்கோடியில் ஒரு குடிநீர்க் குழாய். தெரு திகைத்துப்போனது. முனியம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பிங்கி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். யாராவது கல்லெடுத்தால், "டேய், அவங்க மேல கை வெச்ச, தண்ணி நின்னுபூடும்" என்று அதட்டினாள்.

மூன்று மாதம் முடிந்தது. தேவநாதனும் மனைவியும் பிங்கியை அழைத்துப்போக நேரில் வந்தார்கள். பிங்கி ஜீப்பில் ஏற மறுத்துச் சாம்பல் மேட்டுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. அதைச் சமாதானப்படுத்தும் வரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அதிகாரி காப்பி குடித்தார். கொசு இல்லை. அவர் மனைவி சமையலறையைப் பார்த்தாள், புகை இல்லை. முகம் கழுவக் குளியலறைக்குப் போனவள் திரும்பி வந்து கணவர் காதில் ஏதோ சொன்னாள்.

"சீனுவாசன்" என்றார் அதிகாரி. "நம்ம குவார்ட்டர்ஸ்ல ஓட்டுலருந்து தேள் விழுது. வந்த நாள்லருந்து எழுதறேன். பரிசீலனையில் இருக்குன்றாங்க. இந்த வீடு நல்லாயிருக்கே."

"அய்யா ஆசீர்வாதம்" என்றார் சீனுவாசன்.

"பிங்கிக்கும் பழகிடுச்சு. பேசாம நானே இங்க வாடகைக்கு வந்துடறேன். ஜீப் இருக்கு, போய் வரலாம். உங்க மனுவையும் மறக்கல."

மறு வாரம் உத்தரவு வந்தது. 'மனுதாரரின் கோரிக்கை, தமது வீடும் அலுவலகமும் ஒரே ஊரில் அமைய வேண்டும் என்பதே. உரிய பரிசீலனைக்குப் பின் இக்கோரிக்கை ஏற்கப்படுகிறது. மனுதாரர் விழுப்புரத்திலேயே பணியில் தொடர்வார். அவர் விழுப்புரத்திலேயே வீடு பார்த்துக்கொள்ளவும் அனுமதிக்கப்படுகிறார்.'

சீனுவாசன் அதை வீட்டில் படித்துக் காட்டினார். அம்சவள்ளி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை.

"அம்சா" என்று கதவைத் தட்டினார். "அழுவறியா?"

"இல்லீங்க. இருக்கிற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்."

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஆறு குடித்தனத்துக்கு ஒரே கிணறு, கிணற்றடியில் ஒரு தென்னங்கீற்று மறைப்பு. அம்சவள்ளி மறுபடியும் விடியுமுன் எழுந்தாள். சொசைட்டிக் கடன் சம்பளத்தில் பிடித்தமாகிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் சீனுவாசனைப் பொறாமையோடு பார்த்தார்கள். மனுப் போட்டுப் பலன் கண்ட ஒரே ஆள் அவர்தான். அவரைப் பார்த்து நாலைந்து பேர் தங்கள் வீட்டு வாசற்படியையும் இடித்துச் சரிவாக்கினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுத் தேவநாதனைத் தெற்கே மாற்றினார்கள். செய்தி கேட்டுத் தெரு கலங்கிப்போனது. முனியம்மாள் தலைமையில் பத்துப் பேர் அவரைப் பார்க்க வந்தார்கள்.

"அய்யா போறது எங்களுக்கெல்லாம் வருத்தந்தாங்க" என்றாள் முனியம்மாள். "மேலெடத்து உத்தரவு, போய்த்தான் ஆவணும். ஆனா பிங்கி இங்கியே இருக்கட்டுங்க. அவங்கள எங்க கண்ணு மாதிரி பாத்துக்கறோம்."

தேவநாதன் நெகிழ்ந்துபோய்க் கைக்குட்டையை எடுத்தார். தனக்கு இந்த ஊர் ஜனங்களிடம் இவ்வளவு செல்வாக்கு இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது. தவிர, தெற்கே இப்போது அல்சேஷனுக்குத்தான் மதிப்பு, பொமரேனியனை எழுத்தர்களே வளர்க்கிறார்கள் என்று அவர் மனைவி கேள்விப்பட்டிருந்தாள். மேலும் பிங்கி அப்போது வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. செவலை நாய் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்ததால் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஜனங்களின் அன்பைத் தட்ட முடியாமல் பிங்கியை அவர் விட்டுவிட்டுப் போனார்.

சீனுவாசனும் அம்சவள்ளியும் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர் மறுபடியும் பாசஞ்சரில் போனார். அவள் பகல் வெளிச்சத்தில் குளித்தாள். பிங்கி சாம்பல் மேட்டில் நாலு குட்டி போட்டது. கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு ஒருநாள் தெருவிளக்கு அணைந்தது. சொல்லவேண்டிய இடத்தில் போய்ச் சொன்னார்கள். யாருடைய நாய் என்று கேட்டார்கள். முன்னாள் அதிகாரியின் நாய் என்றதும், முன்னாள் என்றால் அது வெறும் நாய்தானே என்று விளக்கம் கிடைத்தது. மறு வாரம் குழாயில் தண்ணீர் நின்றது.

முனியம்மாளும் தெருவில் நாலு பேரும் வந்து சீனுவாசன் வீட்டு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஒரே பேஜாராப் போச்சி தம்பி. புதுசா வந்திருக்காரே உங்க ஆபீசரு, அவரு என்னா வளக்கிறாரு?"

"ஒண்ணும் வளக்கல."

"பூனை, கிளி?"

"அதெல்லாம் இல்ல."

"வூட்டுல யாருமே இல்லியா?"

"ரெண்டு பசங்க இருக்காங்க."

"பசங்க நம்ம தெருவுலயுந்தான் இருக்குது" என்றாள் முனியம்மாள். "பசங்களுக்குன்னு கேட்டா எவன் விளக்கு போடுவான்?"

அம்சவள்ளி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நாலு குட்டிகளில் மூன்று செவலை. வெள்ளையாக இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வெந்நீர் விட்டுக் கழுவித் துவட்டினாள். முனியம்மாள் புதுக்கூடை கொண்டுவந்தாள். புது அதிகாரியின் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்துவிடுவதென்று தெரு ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்த வீடு குட்டிக்குத் தகுந்ததா என்று யாராவது முதலில் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு நேரமில்லை, ஜல்தியாகப் போய்ச் சேரட்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் சீனுவாசன் கூடையோடு ஏறினார். கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் கூடை நசுங்கப் பார்க்கவே, "பாத்துங்க, ஆபீசர் வூட்டு நாய்" என்றார். பெட்டி சட்டென்று ஒதுங்கியது. மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள்.

சீனுவாசன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தூங்கறாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் அவள்.